நால்வர் கையெழுத்திட்ட சுவர்

வில்வக்கரையில் இறைவன் அறிவைப் பங்கு வைத்த நாளில், அவ்வூர்ச் சகோதரர் நால்வர் மட்டும் கோயிலில் விளக்குத் துலக்கிக்கொண்டிருந்தார்கள். வேலையை முடித்துக் கை கழுவி வந்து பார்த்தபோது பாத்திரம் காலியாக இருந்தது. அதற்காக அவர்கள் வருந்தவில்லை. அந்தப் பாத்திரத்தையும் துலக்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு வீடு திரும்பினார்கள்.

மூத்தவர் குஞ்சிதபாதம். அடுத்தவர் ஆவுடையப்பன். மூன்றாமவர் ஜம்புலிங்கம். கடைக்குட்டி திருமேனி, கடைக்குட்டிக்கே ஐம்பத்தோரு வயது. நால்வருக்கும் மணமாகவில்லை. அந்தக் காலத்தில் "போய்ப் பெண்ணைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று தகப்பனார் ஒவ்வொருவரையும் அனுப்பத்தான் செய்தார். அவர்களும் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டார்கள். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லையே என்பது அவர்கள் கட்சி.

கோயில் வாசலில் தேங்காய் பழக் கடை வைத்திருந்தார்கள். காலையில் கடை, மாலையில் பதிகம் ஓதுதல், இடையில் உறக்கம் என்று அவர்கள் காலம் இனிதே கழிந்திருக்கும். குறுக்கே நின்றது வீடு. தகப்பனார் சபாபதிப் பிள்ளை பழைய ஓட்டு வீடு ஒன்றை ஊர் வீட்டுக்கடன் சங்கத்தில் கடன் பெற்று வாங்கியிருந்தார். வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டு. மாதத் தவணை பதின்மூவாயிரம். இன்னும் எட்டாண்டு பாக்கி இருக்கையில் தகப்பனார் சிவபதம் அடைந்தார், தவணை அடையவில்லை.

சபாபதிப் பிள்ளை இருந்தவரை ஆண்டுதோறும் ஆனித் திருமஞ்சனத்தன்று நூறு அடியார்களுக்கு இலை போட்டு வந்தார். அவருக்குப் பின் முதலாண்டு நாற்பது இலை விழுந்தது. சென்ற ஆண்டு பதினோரு இலை. அந்தப் பதினொன்றிலும் நான்கு இலையில் உட்கார்ந்திருந்தவர்கள் இவர்களே. அன்று மாலை குஞ்சிதபாதம் சந்நிதியில் நின்று, "அடுத்த ஆனிக்கு நூறு இலை போடாவிட்டால் இந்த வாசற்படி மிதிக்க மாட்டேன் சுவாமி" என்று சொல்லிவிட்டு வந்தார். சொன்னது மற்ற மூவருக்கும் தெரியாது. அவருடைய கடையோ கோயில் வாசற்படியை ஒட்டியே இருந்தது. சுவாமியின் முகம் காணாமல் சுவாமியின் வாசலிலேயே நாள் முழுவதும் உட்கார்ந்து தேங்காய் விற்பது எப்படி என்று எண்ணும்போதெல்லாம் அவர் சில்லறையை எண்ணாமலே கொடுத்துவிடுவார்.

ஆனி பிறந்தது. கையில் ஒன்றும் இல்லை. அப்போதுதான் தேங்காய் மடித்துக் கொடுக்க வாங்கிய செய்தித்தாளின் நடுவிலிருந்து ஒரு துண்டறிக்கை விழுந்தது. கடைவீதியில் புதிதாகத் திறந்த வங்கியின் அறிக்கை அது. வேறிடத்தில் உள்ள வீட்டுக் கடனைத் தங்களிடம் மாற்றிக்கொள்ளலாம், வட்டி ஒன்பதுதான் என்று அச்சிட்டிருந்தது. தேங்காய் வாங்க வந்த கணக்கு வாத்தியார் அங்கேயே நின்று மனக்கணக்குப் போட்டு, மாதம் ஆயிரத்து முந்நூறு ரூபாய் மிஞ்சும் என்றார். பலசரக்குக் கடைக்காரரோ, விருந்துச் சாமான்களை இப்போதே தருகிறேன், மாதம் ஆயிரத்து முந்நூறாகக் கொடுத்தால் போதும் என்று முன்னமே சொல்லியிருந்தார். குஞ்சிதபாதம் துண்டறிக்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆனாலும் நால்வரும் கலந்து பேசாமல் அவ்வீட்டில் மிளகாய்கூடக் கிள்ளுவதில்லை. அன்று மாலை கூடத்தில் சபை கூடியது.

"முருகப் பெருமானுக்குத் திருக்கரம் பன்னிரண்டு," என்று ஆரம்பித்தார் ஆவுடையப்பன். "பன்னிரண்ட ஒன்பதாக் குறைச்சா அந்த மூணு கையை எங்கண்ணே வைக்கிறது?"

"ஒன்பது மட்டும் லேசுப்பட்டதா?" என்றார் ஜம்புலிங்கம். "வாராவாரம் நவக்கிரகம் சுத்துறோம்ல."

"அந்த ஒன்பதுல சனீஸ்வரனும் ஒருத்தர்."

நால்வரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிறகு திருமேனி மெதுவாக, "அவரைக் கழிச்சிட்டு எட்டு வட்டிக்குக் கேட்டா என்னண்ணே?" என்றார். கடைக்குட்டிக்குக் கணக்கு வரும் என்பது மூவருக்கும் அன்றுதான் தெரிந்தது.

இப்படிப் பேசி ஒரு முடிவுக்கும் வராததால், சந்நிதியில் பூக்கட்டிப் பார்ப்பது என்று தீர்ந்தது. வெள்ளைப் பூ வந்தால் கடனை மாற்றுவது. சிவப்புப் பூ வந்தால் இருந்த இடத்திலேயே இருப்பது. பொட்டலம் கட்டும் பொறுப்பு திருமேனிக்கு. குஞ்சிதபாதம் கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரித்தால், உள்ளே முல்லையும் இருந்தது, அரளியும் இருந்தது. மற்றதைப் பிரித்தார்கள். அதிலும் அப்படியே.

"ஒண்ணுல வெள்ளை, ஒண்ணுல சிவப்புன்னுதானடா சொன்னேன்?" என்றார் குஞ்சிதபாதம்.

"சொன்னீங்கண்ணே. ஆனா எடுக்காத பொட்டலத்துப் பூ சுவாமி பாதம் சேராம வாடிப்போகுமே. ரெண்டு பூவும் ரெண்டுலயும் இருந்தா யாருக்கும் மனக்குறை இல்ல பாருங்க."

இதில் இருந்த கருணை மற்ற மூவரையும் உருக்கிவிட்டது. ஆகவே பொட்டலத்தைக் குறை சொல்லாமல் அதன் பொருளை ஆராய்ந்தார்கள். மாற்றவும் வேண்டும், மாற்றாமலும் இருக்க வேண்டும் என்பது திருவுள்ளம் என்று ஜம்புலிங்கம் விளக்கினார். அப்படியானால் இருவர் கடனை மாற்றட்டும், இருவர் இருக்கட்டும் என்று ஆவுடையப்பன் வழி சொன்னார். குருக்கள் இரண்டு பொட்டலங்களையும் பார்த்தார், நால்வரையும் பார்த்தார், சுவாமியையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு, "அந்த வங்கிக்கே போய்க் கேளுங்கோ" என்று சொல்லி நடையைச் சாத்தினார்.

சந்நிதியில் வந்த வாக்கு என்று அதையே உத்தரவாகக் கொண்டு நால்வரும் மறுநாள் வங்கிக்குப் போனார்கள். மேலாளர் வாகீசுவரி பொறுமைசாலி. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடன் பத்திரம் தயாராக ஐந்து நாளாகும் என்றும், இந்த ஒன்பது வட்டி வருகிற வெள்ளிக்கிழமை நான்கு மணியோடு முடிகிறது என்றும், இடையில் வீட்டை மதிப்பிடப் பொறியாளர் ஒருவர் வருவார் என்றும் விளக்கினார். பொறியாளரிடம் எதையும் மறைக்காமல் காட்டும்படி கேட்டுக்கொண்டார். குஞ்சிதபாதம் அந்தச் சொல்லைத் துண்டின் முனையில் முடிந்துகொண்டது போல மனத்தில் முடிந்துகொண்டார்.

பொறியாளர் கதிரேசன் வந்தார். நால்வரும் எதையும் மறைக்கவில்லை. பெட்டிகளைத் திறந்து காட்டினார்கள். ஊறுகாய் ஜாடியில் பூசணம் பூத்ததைக் காட்டினார்கள். ஆவுடையப்பன் வாயைத் திறந்து, விழுந்துபோன இரண்டு கடைவாய்ப் பற்களின் இடத்தைக் காட்டினார். ஜம்புலிங்கம், தாம் எட்டாம் வகுப்பில் தேறவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளும்படி சொன்னார். கதிரேசன் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தி, வீடு ஒழுகுமா, எங்கே ஒழுகும் என்று மட்டும் காட்டினால் போதும் என்றார்.

அதில்தான் சங்கடம் வந்தது. வெயில் கொளுத்துகிற ஆனி மாதத்தில் ஒழுகலை எப்படிக் காட்டுவது? திருமேனி ஏணி வைத்து ஓட்டின்மேல் ஏறினார். ஜம்புலிங்கம் கிணற்றிலிருந்து இறைத்து இறைத்துக் கொடுத்தார். பன்னிரண்டு குடம் தண்ணீர் போயிற்று. கூடத்துக்கும் சாமான் அறைக்கும் நடுவே நின்ற மண்சுவரை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கதிரேசனுக்குத் தாம் கேட்ட கேள்விக்கு ஐயமற விடை கிடைத்தது. சட்டையைப் பிழிந்துகொண்டு எழுந்தார். அடுப்படியிலிருந்து கரித்துண்டு ஒன்றை எடுத்து, அந்த வெள்ளையடித்த நடுச்சுவரில் ஈரம் இறங்கிய இடமெல்லாம் பெருக்கல் குறி போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். மொத்தம் ஏழு குறிகள். இந்தச் சுவர் கூரையைத் தாங்கவில்லை, வெறும் தடுப்புத்தான், அதனால் கடனுக்குக் குறைவில்லை என்று சொல்லிவிட்டுத் தும்மிக்கொண்டே போனார்.

ஐந்தாம் நாள் பத்திரம் வந்தது. நாற்பத்திரண்டு பக்கம். வாகீசுவரி அம்மையார் அதைக் கொடுக்கும்போது மூன்று கட்டளைகள் இட்டார். ஒன்று, ஒரு வரி விடாமல் முழுக்கப் படித்த பிறகே கையெழுத்திட வேண்டும். இரண்டு, வங்கிக்காரர்கள் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் நால்வரும் கையெழுத்திட வேண்டும். ஓர் இடம் விட்டாலும் செல்லாது. மூன்று, கையெழுத்திட்டதை எல்லாம் ஒன்று விடாமல் வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் அவர் மேசைக்குக் கொண்டு வந்து சேர்க்க வேண்டும்.

ஒரு வரி விடாமல் முழுக்கப் படிப்பதற்கு அந்த நால்வருக்கும் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. முற்றோதல். பதிகங்களை முதலிலிருந்து இறுதிவரை ஒரே அமர்வில், இடையில் எழாமல், எல்லாரும் கூடி ஓதுவார்களே, அதுதான். புதன்கிழமை காலையில் கூடத்தைக் கழுவிக் கோலமிட்டு, பத்திரத்தை மணைமீது வைத்து, மாலை சாற்றி, விநாயகர் துதி சொல்லி ஓதத் தொடங்கினார்கள். 'இதன்கீழ்க் கையொப்பமிடும் கடன்தாரராகிய நாம்' என்பதைக் குஞ்சிதபாதம் எடுத்துக் கொடுக்க, மற்ற மூவரும் வாங்கிப் பாடினார்கள்.

முற்றோதலுக்கு ஒரு நியதி உண்டு. இடையில் தடைப்பட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆறாம் பக்கத்தில் விளக்கு அணைந்தது. திரும்ப முதல் பக்கம். பத்தொன்பதாம் பக்கத்தில் ஒருவர் வந்து தேங்காய் என்ன விலை என்று கேட்க, ஆவுடையப்பன் ராகத்தோடே விலை சொல்லிவிட்டார். பத்திரத்தில் இல்லாத வரி நடுவில் புகுந்துவிட்டதால் மறுபடி முதல் பக்கம். முப்பத்தெட்டாம் பக்கத்தில், தண்ணீர் இறைத்த அன்று பிடித்த சளியினால் ஜம்புலிங்கம் தும்மினார். மூவரும் அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, துயரம்தான் இருந்தது.

பாட்டுச் சத்தம் கேட்டுத் தெருவார் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். வியாழக்கிழமை காலையில் கூடம் நிறைந்துவிட்டது. யாரோ சுண்டல் செய்து கொண்டுவந்தார். 'கடன்தாரர் காலமாகும் பட்சத்தில் அன்னாரின் வாரிசுகள் பொறுப்பேற்கக் கடவர்' என்னும் இடம் வந்தபோது எதிர்வீட்டு மரகதவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு நிசமான வாக்கு" என்றாள். அந்த வரியை மறுமுறை பாடும்படி வேண்டுகோள் வந்தது. நான்காம் முறையாக எடுத்த ஓதல் அன்று பிற்பகல் தடையின்றி நிறைவெய்தியது. தீபாராதனை காட்டினார்கள். பத்திரத்தின் பொருள் என்னவென்று கேட்பார் அங்கே ஒருவரும் இல்லை, நெஞ்சு நிறைந்திருந்தது.

பிறகு கையெழுத்து. பத்திரத்தில் இருபத்தாறு குறிகள். நால்வரும் பக்கம் பக்கமாக இட்டு முடித்துப் பேனாவை மூடப்போகும் நேரத்தில் திருமேனி சுவரைப் பார்த்தார்.

"அண்ணே. அதுவும் குறிதானே?"

எல்லாரும் திரும்பினார்கள். நடுச்சுவரில் ஏழு பெருக்கல் குறிகள் கரியில் பளிச்சென்று தெரிந்தன.

"அது ஒழுகலுக்குப் போட்டதுடா," என்றார் ஆவுடையப்பன், கொஞ்சம் உறுதி குறைந்த குரலில்.

"போட்டது யாரு?"

"பொறியாளர்."

"அவரை அனுப்புனது யாரு?"

"வங்கி."

"அப்ப அது வங்கிக்காரங்க போட்ட குறிதானண்ணே. ஓரிடம் விட்டாலும் செல்லாதுன்னாங்க. நாம ஏழு இடம் விடுறோம்."

குஞ்சிதபாதம் ஏழையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். ஏழு குறிகளை விட்டுவிட்டு வெறும் காகிதத்தோடு வங்கியில் போய் நின்றிருந்தால் என்னவாகியிருக்கும்? நூறு இலையும் கண்ணெதிரே காற்றில் பறந்திருக்கும். தம்பியின் தலையைத் தடவிக்கொடுத்தார். அதன்பின் ஏழு இடத்திலும் நால்வரும் கையெழுத்திட்டார்கள். மேல்மூலையில் இருந்த குறிக்கு ஏணி வேண்டியிருந்தது. தரையோரத்துக் குறிக்கு ஜம்புலிங்கம் குப்புறப் படுத்துப் போட்டார். படுத்தபடி போட்டதால் செல்லுமோ செல்லாதோ என்று எழுந்து நின்று இன்னொரு முறையும் போட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. இரண்டு கட்டளைகள் நிறைவேறிவிட்டன. மிஞ்சியது மூன்றாவது.

"அந்தம்மாவை இங்க வந்து சுவரைப் பாத்துட்டுப் போகச் சொல்லலாமா?" என்று கேட்டார் ஜம்புலிங்கம்.

குஞ்சிதபாதம் மறுத்துத் தலையசைத்தார். "கொண்டு வாங்கன்னுதான் சொன்னாங்க. வாரேன்னு சொல்லல. நமக்கு உதவி செய்றவங்களை நடக்க விடலாமா?"

அது நியாயமாகப் பட்டது. கடப்பாரை வந்தது. பன்னிரண்டு குடம் தண்ணீர் குடித்திருந்த மண்சுவர் அதிகம் முரண்டு பிடிக்கவில்லை. கையெழுத்துக்குச் சேதம் வராமல், சுற்றி அகலமாக வெட்டி, ஏழு துண்டுகளாக எடுத்தார்கள். எஞ்சிய மண்ணைக் கொல்லையில் கொட்டினார்கள். ஊரார் குட்டியானை என்று சொல்லும் சிறு சரக்கு வண்டி ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, துண்டுகளை வைக்கோல் மெத்தையில் நிறுத்தி, பூச்சரம் சுற்றி ஏற்றினார்கள். சுவர் போனபின் கூடத்தைத் திரும்பிப் பார்த்த குஞ்சிதபாதம் அப்படியே நின்றுவிட்டார். கூடமும் சாமான் அறையும் ஒன்றாகி நீண்டு கிடந்தன. நூறு இலையையும் ஒரே பந்தியில் போடலாம். இறைவன் கூட்டிக்கொண்டு போகிற வழியை யார் அறிவார் என்று அவர் கண் கலங்கினார்.

இதற்குள் செய்தி பரவிவிட்டது. சபாபதிப் பிள்ளை வீட்டைப் பிள்ளைகள் வண்டியில் ஏற்றுகிறார்கள் என்று வீட்டுக்கடன் சங்கத்தில் யாரோ போய்ச் சொன்னார்கள். சங்கச் செயலாளர் மாசிலாமணி, சலவை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாகச் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். சங்கத்திடம் ஈடாக இருந்தது அந்த வீடு. அதன் ஒரு பகுதி வைக்கோல்மேல் பூமாலையோடு நிற்பதை அவர் கண்டார்.

"என்னய்யா பண்றீங்க?"

"வீட்டுக் கடனை அந்த வங்கிக்கு மாத்துறோங்க," என்று பணிவோடு சொன்னார் குஞ்சிதபாதம்.

"கடனை மாத்துறதுக்கு வீட்டை எதுக்குய்யா மாத்துறீங்க?"

"முழுசும் கேக்கலைங்க. இப்போதைக்குச் சுவர் மட்டுந்தான். வேற எங்கயாச்சும் குறி தெரிஞ்சா அடுத்த நடையில கொண்டாந்துடுவோம்."

மாசிலாமணிக்குச் சைக்கிள் மிதித்து வந்த களைப்பு. வெயில் வேறு. வண்டியின் பக்கவாட்டில் நிறுத்தியிருந்த பெரிய துண்டின்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு சற்று நேரம் கண்ணை மூடினார். அப்படிச் சாய்ந்தபடியே சங்கத் தலைவருக்குக் கைப்பேசியில் பேசினார். சாயங்காலத்துக்குள் கூரையும் இறங்கிவிடும் என்று தாம் அஞ்சுவதாகச் சொன்னார். மறுமுனையில் என்ன பேச்சு நடந்ததோ தெரியாது. பேசி முடித்ததும் சட்டைப் பையிலிருந்து சங்கத்தின் தாள் ஒன்றை எடுத்து, முழங்காலில் வைத்து எழுதினார். இந்த மாதம் முதல் வட்டி நூற்றுக்கு ஒன்பது. தவணையில் ஆயிரத்து முந்நூறு ரூபாய் குறையும். வீட்டை இனித் தொடக் கூடாது.

"போதுமா? இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. நீங்க எங்கயும் மாற வேண்டாம். மகராசனா இங்கயே இருங்க."

ஒரே தாள் என்பதால் முற்றோதலுக்கு நேரமாகவில்லை. தெருவிலேயே நின்று இருமுறை பாடிவிட்டுக் கையெழுத்திட்டார்கள். குஞ்சிதபாதம் அந்தத் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மாற்றவும் செய்து, மாற்றாமலும் இருந்தாயிற்று. முல்லையும் அரளியும் ஒரே பொட்டலத்தில் வந்ததன் பொருள் அப்போதுதான் அவருக்கு விளங்கியது. நூறு இலை விழும். வாசற்படி மிதிக்கலாம். சுவாமியின் முகத்தைப் பார்க்கலாம். பலசரக்குக் கடைக்காரரிடம் சொல்லிவரத் திருமேனியை அனுப்பலாம் என்று அவர் திரும்பினார்.

ஆனால் திருமேனியின் பார்வை வேறெங்கோ நிலைத்திருந்தது. சைக்கிளை எடுக்கத் திரும்பிய மாசிலாமணியின் முதுகை அவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வெள்ளைச் சட்டையின் நடுமுதுகில், சாய்ந்திருந்த சுவர்த்துண்டிலிருந்து ஒட்டிய கரி, தெள்ளத் தெளிவாக ஒரு பெருக்கல் குறியாகப் பதிந்திருந்தது.

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்தப் பத்திரம்தான் இப்ப நமக்கு வேண்டியதில்லையே," என்றார் ஆவுடையப்பன் தாழ்ந்த குரலில்.

"வேணும் வேண்டாங்கிறது வேற," என்றார் குஞ்சிதபாதம். "ஒரு நல்ல மனுஷி நம்மள நம்பி மூணு வார்த்தை சொல்லியிருக்கு. பாதியில விட்டுட்டு எந்த முகத்தோட சந்நிதியில போயி நிப்பேன்?"

"எட்டாவது குறிண்ணே," என்றார் திருமேனி.

குஞ்சிதபாதம் செயலாளரிடம் போய், ஒரு கணம் அசையாமல் நிற்கும்படி மரியாதையோடு கேட்டுக்கொண்டார். முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிடப் போகிறார்கள் என்று எண்ணி மாசிலாமணியும் நின்றார். பேனா ஊர்ந்தபோது கூச்சமாக இருந்தது. நான்கு பேர் தட்டிவிட இத்தனை நேரமா என்று நினைத்தார். ஆனால் அந்த வீட்டாரிடம் எதையும் கேட்பதில்லை என்று அதற்குள் முடிவு செய்திருந்தார். ஜம்புலிங்கம் மட்டும், துணியில் மை ஊறியதால், இரண்டாம் முறையும் போட்டார்.

"ஐயா, நீங்களும் எங்ககூட வங்கி வரைக்கும் வரணும்," என்றார் குஞ்சிதபாதம்.

மாசிலாமணி யோசித்தார். தம் சங்கத்தின் கடனைத் தட்டிக்கொண்டு போகப் பார்த்த வங்கி அது. சங்கம் வென்ற செய்தியைத் தாமே நேரில் சொல்லி, அந்த மேலாளர் முகம் போகிற போக்கைப் பார்ப்பதில் அவருக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை. சைக்கிளை அங்கேயே சாத்திவிட்டு வண்டியில் ஏறி, வைக்கோல்மேல் ஏழு துண்டுகளுக்கு நடுவே நிமிர்ந்து உட்கார்ந்தார். சேதம் வந்துவிடக் கூடாதே என்று ஆவுடையப்பன் அவரையும் சேர்த்துப் பூச்சரத்தால் ஒரு சுற்றுச் சுற்றினார். வழியெல்லாம் ஜனங்கள் கும்பிட்டார்கள். அவரும் கும்பிட்டுக்கொண்டே வந்தார்.

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் வண்டி வங்கி வாசலில் நின்றது. முதலில் நாற்பத்திரண்டு பக்கப் பத்திரம் மேலாளர் மேசைக்கு வந்தது. அதன்பின் சுவர், ஒவ்வொரு துண்டாக, இருவர் முன்னும் இருவர் பின்னும் பிடிக்க, உள்ளே வந்து மேசையைச் சுற்றி வரிசையாக நின்றது. வாகீசுவரி அம்மையார் எழுந்து நின்றார். மண் உதிர்வதைக் கண்டு நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஏழாவது துண்டை இறக்கி வைத்ததும் நால்வரும் மறுபடி வெளியே போனார்கள்.

திரும்பி வந்தபோது, பூச்சரம் சுற்றிய மாசிலாமணி அவர்கள் தோள்மேல் இருந்தார். அவரை மெல்ல இறக்கி நிறுத்தி, கையெழுத்து மேலாளருக்குத் தெரியும்படி முதுகைத் திருப்பிவிட்டு, குஞ்சிதபாதம் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு கைகூப்பினார்.

"இவருதாம்மா கடைசிப் பக்கம்."